ரெண்டு சுத்து போதும்

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்டிருந்தால், "அது எதுக்குங்க, ஒரு சுத்து அதிகமா?" என்று சொல்லியிருப்பார். துபாய் அல் குசைஸில், அரபுப் பெண்கள் உடுத்தும் அபாயாவுக்கு மணியும் ஜரிகையும் வைத்துத் தைக்கிற எங்கள் பட்டறையில், நாலு வருடம் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவர். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வங்காளத்துத் தையல்காரர்கள் அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டு "அக்கா தீதி" என்பார்கள், தீதி என்றாலும் அவர்கள் பாஷையில் அக்காதான்.

நான் அங்கே செக்கர். அன்றும் இன்றும். அதாவது, குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். கைப்பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். வேலை முடிந்த பிறகும் அந்தக் கண்ணை மூட மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் புலம்புவார். அவர் அபுதாபி முசஃபாவில் ஒரு கராஜில் மெக்கானிக், சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு போவார். மீதி நாட்களில் நான் அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன். ஒவ்வொன்றும் ஏழு நிமிடம், எட்டு நிமிடம். அவர் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் இடது கைக்காரி. திருவள்ளூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஆரி வேலை பழகிய நாளிலிருந்து அதற்காகவே வசவு வாங்கியவள். எல்லோருடைய தையலும் ஒரு பக்கம் சாய்ந்தால் என்னுடையது மறுபக்கம் சாயும்.

அக்கா இலங்கை மலையகத்துக்காரர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் அரை கிளாஸ் பிளேன்டீக்கு, அதுதான் பால் விடாத டீக்கு, மேல் குடித்து நான் பார்த்ததில்லை. "ஊத்துங்கக்கா, ஃப்ளாஸ்க் நிறைய இருக்கு" என்றால், கிளாஸைக் கையால் மூடிக்கொள்வார். மகளுக்கு அனுப்புகிற வாய்ஸ் மெசேஜும் அதே அளவுதான். "சாப்பிட்டியா புள்ள? படி." அவ்வளவுதான். முதல் தடவை அதைக் கேட்டபோது, தாய்க்கும் மகளுக்கும் சண்டை போலிருக்கிறது என்று நினைத்து நான் சமாதானம் செய்யப் போனேன். என் மூக்கு எங்கேதான் நுழையாது!

ஒரு தையல்காரப் பையனுக்கு ஊரிலிருந்து அப்பா இறந்த செய்தி வந்தது. டிக்கெட் கிடைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் மாறி மாறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னோம். நான் மட்டுமே அரைமணி நேரம் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல அவன் அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. அக்கா வந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார், அவன் தோளில் ஒருமுறை கை வைத்து எடுத்தார். அவன் மெஷினில் பாதியில் கிடந்த கைப்பகுதியைத் தன் மேசைக்கு எடுத்துப் போய்த் தைத்து முடித்து, திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு அந்தப் பையன் நன்றி சொன்னது அவருக்கு மட்டும்தான். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த மனுஷி. அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஈ கட்டியதில் வந்தது என்பேன்.

ஈ என்றால் தூண்டில் ஈ. டிரவுட் என்று ஒரு மீன். குளிர்ந்த நாட்டு ஆறுகளில் இருப்பது. தண்ணீரில் விழுகிற, தண்ணீருக்குள்ளிருந்து எழும்புகிற சின்னச் சின்னப் பூச்சிகளைத்தான் அது தின்னுமாம். அதனால் அதைப் பிடிக்கிறவர்கள் தூண்டில் முள்ளில் பட்டு நூலும் இறகும் சுற்றி, பூச்சி போலவே ஒன்றைக் கட்டி எறிகிறார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் அதைக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அக்கா அங்கே பதிமூன்று வருடம் இருந்தவர். "யாரு வாங்குறான்னு தெரியாது, எந்த ஆத்துல போடுறான்னு தெரியாது. பெட்டியில எங்க நம்பர் மட்டும் இருக்கும்" என்பார். அந்த நம்பரை அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதையும் எழுதமாட்டேன்.

பட்டறையில் பத்து மணிக்குப் பத்து நிமிட டீ பிரேக். அரை கிளாஸ் டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மிச்ச நேரத்தில் அவர் ஓர் ஈ கட்டிவிடுவார். மெஷின் ரிப்பேர்க்காரர் கொடுத்த சின்ன இரும்பு வைஸ் ஒன்றை மேசை ஓரத்தில் முடுக்கி வைத்திருந்தார். அதில் அரை அரிசி அளவு முள்ளைக் கடிக்கவிட்டு, பட்டறையில் மிஞ்சிய ஆரஞ்சுப் பட்டு நூலைத் தேன்மெழுகில் ஓர் இழுப்பு இழுத்து, முள்ளின் தண்டில் பாதிவரை நெருக்கமாகச் சுற்றுவார். அதுதான் பூச்சியின் உடம்பு. பிறகு ஒரே ஓர் இறகு. அதிலும் ஒரு பக்கத்து மயிரைக் கிள்ளி எறிந்துவிடுவார். மிச்சத்தை முள்ளின் கழுத்தில் இரண்டே சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு, நூலை வெட்டுவார். ஸ்பைடர் என்று இந்த வகைக்குப் பெயர். சிலந்திக் கால்கள் மாதிரி எட்டுப் பத்து மெல்லிய இறகுமயிர் நீட்டிக்கொண்டிருக்கும். முடிந்ததை ஒரு ஸ்பாஞ்ச் துண்டில் குத்திவைப்பார். ஆர்டர் இல்லாத நாட்களில் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம், அவர் ஈ கட்டிக்கொண்டிருப்பார்.

"எதுக்குக்கா இது? யாருக்கு?" என்று கேட்டேன் ஒருநாள்.

"யாருக்கும் இல்லீங்க. கை மறந்துடக் கூடாது."

"பஞ்சத்துல அடிபட்ட கொசு மாதிரி இருக்கேக்கா. இன்னும் நாலு சுத்து சுத்தினா என்ன?"

"ரெண்டு சுத்து போதும் தங்கச்சி. தண்ணியில பாத்தாதான் தெரியும்."

தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் தொழிலில் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்ப்போம், தண்ணீரில் அல்ல.

இறகுக்கு அவர் கடைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் குசைஸ் பார்க்குக்கு நடப்போம். அங்கே புல்வெளி முழுக்கக் கௌதாரிகள். கத்திக்கொண்டே குடும்பத்தோடு புதருக்குப் புதர் ஓடும். அக்கா தலையைக் குனிந்து புதரோரமாகவே நடப்பார். ஒரு வாட்ச்மேன், மோதிரம் தொலைந்துவிட்டதா என்று கேட்டு, பாவம், தானும் கூடவே குனிந்து தேடினார். கௌதாரி உதிர்த்த இறகில் பழுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக இருக்கும். பத்து இறகு பொறுக்கினால் எட்டைத் திரும்பப் புல்லிலேயே போட்டுவிடுவார். மிச்சம் இரண்டு ஒரு தகர டப்பாவுக்குள் போகும்.

இப்படிப்பட்டவருக்குப் பட்டறையில் நல்ல பெயர் இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. அவர் வேலை மெதுவாக நடக்கும். ஒரு மணி கோணலாக உட்கார்ந்தால் அந்த வரிசையையே பிரித்துவிடுவார். நான் 'பாஸ்' போட்ட துணியை என் கையிலிருந்து திரும்பப் பிடுங்கிப் பிரித்த நாட்கள் உண்டு. மணி வேலையில் நாங்கள் ஆறு பெண்கள். ஹைதராபாத்காரரான எங்கள் மேனேஜர் தினமும் சாயங்காலம் ஒவ்வொரு மேசையாக வந்து பார்த்து, அக்காவின் மேசையில் மட்டும் ஒரு பெருமூச்சு விட்டு, "ஜல்தி, அக்கா, ஜல்தி" என்பார்.

அந்த வருடக் கோடையில் ஆட்குறைப்பு என்று பேச்சு வந்தது. ஆறு பேரில் இரண்டு பேர் போக வேண்டும். அக்காவின் விசா செப்டம்பரில் முடிகிறது. அவர் பெயர்தான் முதலில் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவருக்கு இந்த ஊரில் இருந்து பணக்காரியாக வேண்டும் என்றெல்லாம் ஆசையே கிடையாது. மகள் கண்டியில் நர்சிங் படிக்கிறாள். நாலு வருடப் படிப்பு. ஒரு விசா இரண்டு வருடம். "ரெண்டு விசா போதும்" என்று வந்த முதல் நாளே சொன்னவர். அந்த இரண்டாவது விசா கிடைக்காவிட்டால் மகளின் படிப்பு பாதியில் நிற்கும். இதை அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார், அதுவும் சட்டியில் வெங்காயம் வதக்கிக்கொண்டே. நாங்கள் ஒரே ஃப்ளாட்டில், பலகை தடுத்த பக்கத்துப் பக்கத்துப் பார்ட்டிஷனில் இருந்தோம், சமையல் ஒன்றாக. அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை. அவர் எப்போதும்போல் சாப்பிட்டார்.

ஜூலை மாதம் பட்டறை முதலாளியம்மாவின் தம்பி ஏதோ வேலையாக வந்தார். நாங்கள் ஸார் என்போம். இங்கிலாந்தில் படித்தவர், ஒவ்வொரு கோடைக்கும் அங்கேயே போய் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் உட்காருகிறவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். வரிசையாக மேசைகளைத் தாண்டிப் போனவர் அக்காவின் ஸ்பாஞ்ச் துண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஸ்பைடர்!" என்று கத்தினார். பக்கத்தில் இருந்த இரண்டு தையல்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

ஸார் ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஏதோ பறவைப் பெயர் சொல்லி அதன் இறகா என்று கேட்டார்.

"நோ ஸார். பார்க் பேர்ட். குசைஸ் பார்க்" என்றார் அக்கா.

ஸார் சிரித்த சிரிப்பு பட்டறை முழுக்கக் கேட்டது. அடுத்த வியாழக்கிழமை அவருக்கு ஃப்ளைட். அதற்குள் நாலு டஜன் வேண்டும் என்றார். முள் வாங்கிவர டிரைவர் தேரா கடைத்தெருவுக்கு ஓடினார். ஸார் போனதும் மேனேஜர் அக்காவிடம் வந்து ஹிந்தியில் நேராகவே சொன்னார். ஸாருக்குப் பிடித்துவிட்டால் மேடத்திடம் விசாவைப் பற்றிப் பேசுவேன், இல்லாவிட்டால் செப்டம்பரில் டிக்கெட். மனிதர் மோசமானவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே.

அந்த வாரம் அக்கா கட்டிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மணி வேலையில் நத்தை என்று பெயரெடுத்த அதே கை. நூல் சுற்றுவது கண்ணுக்கே தெரியாது. புதன்கிழமை மதியம் நாற்பத்தெட்டும் ஒரு பெட்டியில் ஸ்பாஞ்சின் மேல் வரிசையாக நின்றன. அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வீட்டில் ஏதோ உடுப்பை இறுக்கித் தைக்க வேண்டும் என்று அக்காவைக் காரில் அழைத்துப் போய்விட்டார்கள். மேனேஜர் பெட்டியை என் முன்னால் வைத்தார். "செக் பண்ணிடு."

நான் லென்ஸை எடுத்தேன். எடுத்ததுதான் வினை.

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. வேலை நிறைவாக இருக்க வேண்டும். துணி தெரியக் கூடாது, மணிதான் தெரிய வேண்டும். எங்காவது இடைவெளி தெரிந்தால், சாமானை யாரோ மிச்சம் பிடித்துவிட்டார்கள் என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே கேட்பார். பதினோரு வருடம் அந்த இடைவெளிகளைத் தேடியே பழகிய கண் என்னுடையது. அந்தக் கண்ணுக்கு நாற்பத்தெட்டு ஈயும் நாற்பத்தெட்டு ஏழைகளாகத் தெரிந்தன. உடம்பில் பாதிவரைதான் நூல். கழுத்தில் எண்ணி எட்டுப் பத்து மயிர். ஸார் அவசரத்தில் ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நாற்பத்தெட்டை ஒன்றாகப் பார்த்தால், இது என்ன பிச்சைக்கார வேலை என்றுதானே நினைப்பார்? அக்காவின் விசா போய்விடுமே? மகள் படிப்பு நின்றுவிடுமே?

அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தேன். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவருடைய தகர டப்பாவைத் திறந்தேன். பத்து மாதம் பார்த்துக்கொண்டே இருந்த வேலை, ஆரி பிடித்த கை, முடியாதா என்ன? முன் வரிசையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அவர் சுற்றியதன் மேல் இன்னும் ஓர் இறகை நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். பதினொன்று முடித்தேன். புஸுபுஸுவென்று அம்சமாக வந்தன.

பன்னிரண்டாவதில் நூலை இழுத்த இழுப்பில் அவருடைய முடிச்சே உருவிக்கொண்டு எல்லாம் கழன்று வந்துவிட்டது. கையில் வெறும் முள். முதலிலிருந்து ஆரஞ்சு நூலைச் சுற்றினேன். டப்பாவில் கடைசியாக ஒரே ஒரு சின்ன இறகு, அதுவும் ஒரு பக்கம் கிழிந்தது. அது இரண்டு சுற்றுக்குமேல் வரவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. அதை மட்டும் பெட்டியின் பின்வரிசை மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில் குத்திவைத்தேன்.

வியாழன் காலை. ஸார் மேனேஜர் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா பெட்டியைத் திறந்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முன்வரிசையில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், பிறகு என் இடது கையைப் பார்த்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்துவந்து என் முன்னால் வைத்தார்.

நான் கொழுக்கவைத்த ஈயை முதலில் போட்டார். அது தக்கை போல மேலேயே மிதந்தது. விரலால் அழுத்தினார். உள்ளே போனதும் இறகெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி விறைத்து நின்றது. அதை எடுத்துவிட்டுத் தன்னுடையதில் ஒன்றைப் போட்டார். அது நனைந்து மெதுவாக இறங்கியது. டம்ளரை லேசாக ஆட்டினார். அந்த எட்டுப் பத்து மயிரும் மூடின, விரிந்தன, மறுபடி மூடின. ஆரஞ்சு நூல் உள்ளிருந்து ஒளிவிட்டது. அந்தத் தண்ணீருக்குள் ஒரு பூச்சி உயிரோடு இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, மூச்சு விட்டது.

"மூச்சு விட இடம் வேணும்ங்க" என்றார்.

பிறகு பிளேடை எடுத்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, என் கை பட்டதையெல்லாம் வெறும் முள்ளாகும்வரை அறுத்துத் தள்ளினார். மேனேஜர் ஓடிவந்து, "என்ன பண்றே? ஸார் உட்கார்ந்திருக்கார்!" என்று பதறினார். திரும்பக் கட்ட இறகு இல்லை, அதையும் நான்தான் தீர்த்துவிட்டேனே. நான் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பெட்டி என்னிடம் வந்தது. எண்ணி எழுத வேண்டியது என் வேலை. முப்பத்தேழு. பன்னிரண்டு போனால் முப்பத்தாறுதானே என்று ஒரு நொடி உதைத்தது. முன்பே கூட ஒன்று கட்டி வைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். என் வேலையில் ஓர் எண்ணிக்கையைக் கேள்வி கேட்காமல் நான் எழுதியது அன்றைக்குத்தான்.

அக்கா பெட்டியோடு நேராக ஸார் முன்னால் போய் நின்றார். "தேர்ட்டி செவன் குட், ஸார். பேலன்ஸ் நோ குட். ஐ கட்."

ஸாரின் புருவம் சுருங்கியது. யார் கெடுத்தது என்று மேனேஜர் ஹிந்தியில் சீறினார். "என் மேசையில நடந்த பிழை" என்றார் அக்கா, தமிழில், பிறகு ஸாரைப் பார்த்து, "மை டேபிள்." ஏழு நிமிட மெசேஜ் அனுப்புகிற என் வாய் கதவோரம் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது. ஸார் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அறையில் நான் அழுது, மன்னிப்புக் கேட்டு, காரணம் சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது அக்கா கையைக் காட்டினார். "சரி, முடிஞ்சுதுங்க. சோத்தைப் போடுங்க."

மறுநாள் நானே மேனேஜரிடம் போய், கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "செக்கரே கெடுத்தா உன்னை யார் செக் பண்றது?" என்றார். "இனி என் கையில் இல்லை. ஸார் வரட்டும்."

ஆகஸ்ட் முழுக்க நாங்கள் காத்திருந்தோம். நாங்கள் என்ன, நான். அக்கா வழக்கம்போல மணி தைத்தார், அரை கிளாஸ் குடித்தார், ஞாயிற்றுக்கிழமை அந்த வெயிலிலும் விடிகாலையில் போய்ப் புதிதாக இறகு பொறுக்கினார். ஊருக்குப் போக ஒரு சூட்கேஸ் மட்டும் வாங்கிவந்து கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். அதைக் குனிந்து பார்த்துவிட்டு நான்தான் தூங்காமல் கிடந்தேன்.

மாதக் கடைசியில் ஸார் வந்தார். மேனேஜர் அறைக்குக்கூடப் போகாமல் நேராக அக்கா மேசைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து விரித்தார். உள்ளே ஓர் ஈ. ஈ என்று சொல்ல அதில் மிச்சம் ஒன்றும் இல்லை. ஆரஞ்சு நூல் நைந்து, கழுத்தில் மூன்றே மயிர் தொங்கியது. எல்லாமே நன்றாக வேலை செய்தன, ஆனால் இந்த ஒன்றை மீன்கள் விடவே இல்லை, கடித்துக் கடித்து இப்படியாக்கிவிட்டன என்று ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் கையாலும் சொன்னார். ஆற்றங்கரையில் இருந்த கிழவர்கள், யார் கட்டியது என்று கேட்டுக் குடைந்தார்களாம்.

"வாட் யூ டெல், ஸார்?" என்றார் அக்கா. அவராக ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்தது அபூர்வம்.

"எ லேடி இன் குசைஸ்" என்றார் ஸார்.

பதிமூன்று வருடம் வெறும் நம்பராக இருந்தவர். அக்கா முகம் மலர்ந்ததை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வழக்கம்போல. பெயர் சேர்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அது போதும் என்று முகமே சொன்னது.

விசா அந்த வாரமே ஆயிற்று. ஸார் போன பிறகு அக்கா என் லென்ஸைக் கேட்டு வாங்கி அந்தக் கடிபட்ட ஈயை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஸ்பாஞ்ச் துண்டின் நடுவில் அதைக் குத்திவைத்துவிட்டு மணி வேலைக்குத் திரும்பிவிட்டார். இரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது.

போன வருடம் அந்த இரண்டாவது விசாவும் முடிந்தது. மேனேஜர் மூன்றாவதற்குத் தாளைத் தயாராக வைத்திருந்தார். ஸார் சொல்லி, தனி மேசை, கூடுதல் சம்பளம் என்று முதலாளியம்மாவே கூப்பிட்டுக் கேட்டார். நான் அக்காவின் காலில் விழாத குறை. மகள் படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள்.

"ரெண்டு போதும்ங்க" என்றார் அக்கா.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூடப் போனேன். மத்தியான ஃப்ளைட். வாசலில் டிராலியை நிறுத்திவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு மணி டப்பாவை எடுத்து என் கையில் வைத்து மூடினார்.

"இது என்னோடது இல்லீங்க தங்கச்சி. லென்ஸ வச்சு சுத்தைப் பாருங்க."

"என்னக்கா இது? எப்ப..."

"அப்பவே சொல்லியிருந்தா எனக்கு எதிர்லயே கடை போட்டிருப்பீங்க" என்று சிரித்துவிட்டு, டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அந்தக் கடிபட்ட ஈ. லென்ஸை வைத்தேன். நைந்துபோன ஆரஞ்சு நூல், ஆனால் சுற்று தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றும் இடதுகைச் சுற்று, மறுபக்கம் சாய்ந்து. கழுத்தில் இரண்டே சுற்று, ஒரு பக்கம் கிழிந்த சின்ன இறகு. மூலையில் ஒளித்துவைத்த என்னுடைய வெட்கக்கேடு. அன்றைக்கு பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு, என் கை பட்டதையெல்லாம் அறுத்தவர், இதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் குத்திவைத்திருக்கிறார். முப்பத்தேழு. என் வேலையை இதுவரை எத்தனையோ பேர் பாஸ் பண்ணியிருக்கிறார்கள். அக்கா பாஸ் பண்ணியது இது ஒன்றுதான்.

அழுதேன்தான். பிறகு ஃபோனை எடுத்து வீட்டுக்காரருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"என் ஈயத்தான் மீன் கடிச்சிருக்குங்க. சனிக்கிழமை வந்துடுங்க."

இரண்டு நிமிடத்தில் முசஃபாவிலிருந்து ஃபோன் வந்தது. பின்னால் கராஜ் சத்தம். அவர் குரல் பதறியது.

"என்னடி, அவ்வளவுதானா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"